வமிசாவளியா? வரலாறா?

பெருநிலக் குடும்பத்து அரசியல்வாதிகளின் வாழ்க்கையை எழுதப் புகுவோர் நம் நாட்டில் ஒரே பாதையில்தான் நடந்து வருகின்றனர். முதலில் ஊர்ப்பெயர், பிறகு பாட்டனார், பாட்டனாருக்கு வாய்த்த பட்டம், தந்தையார் படித்த சீமைக் கல்லூரி, மைந்தர் வகித்த பதவி, பேரர் பெற்ற புகழ். பக்கத்துக்குப் பக்கம் படம். படித்து முடித்து ஏட்டை மூடினால், அந்தக் குடும்பத்துக்கு நிலம் என்று ஒன்று இருந்தது என்பதோ, அதை உழுதவன் ஒருவன் இருந்தான் என்பதோ நம் நினைவுக்கே வருவதில்லை! இதனை வாழ்க்கை வரலாறு என்கின்றனர். நாம் வமிசாவளி என்போம்.

வமிசாவளி என்ற சொல்லை ஏளனத்துக்காக எடுக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலின் மெக்கன்சி என்ற கும்பெனி அதிகாரி தென்னாட்டுப் பாளையப்பட்டுகளின் கதைகளை ஊர் ஊராக ஆள் அனுப்பித் திரட்டினார். கொங்கு நாட்டுப் பட்டக்காரர்களின் வமிசாவளிகளும் அத்திரட்டில் உண்டு. எழுதிக் கொடுத்தவர்கள் ஏமாளிகள் அல்லர். எந்த நிலம் எவருக்கு என்று கும்பெனியார் முடிவு கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் குலம் இத்தனை தலைமுறை. இன்ன மன்னன் இன்ன விருது ஈந்தான். ஆகவே நிலம் எமக்கே உரியது! அந்த வமிசாவளிகள் ஒவ்வொன்றும் ஒரு மனு. வழக்கு இருந்தது, வாதாடினார்கள். இன்றோ ஜமீனும் இல்லை, வழக்கும் இல்லை. எழுதுவோர் மட்டும் இன்னமும் மனு எழுதிக்கொண்டிருக்கின்றனர். யாரிடம் கொடுக்க என்பது அவர்களுக்கே வெளிச்சம்!

எடுத்துக்காட்டுக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பல்லடத்திலிருந்து திருப்பூர், ஈரோடு வழியே சென்று காவிரியைக் கடந்தால் திருச்செங்கோட்டு வட்டாரம். அங்கேதான் குமாரமங்கலம். அவ்வூர் ஜமீன் வீட்டில் 1889-இல் பிறந்தவர் டாக்டர் ப. சுப்பராயன். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர், பின்னர் மாகாணத்திலும் மத்தியிலும் அமைச்சர், இந்தோனேசியாவில் தூதர், மராட்டிய மாநில ஆளுநராக இருக்கையில் 1962 அக்டோபரில் மறைந்தார். மூத்த மகன் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி. அடுத்தவர் கோபால், பொதுத்துறை நிறுவனங்களின் தலைமையில் இருந்தவர். மூன்றாமவர் மோகன், கம்யூனிஸ்டாக இருந்து காங்கிரசு அமைச்சரானவர். மகள் பார்வதி, கடைசிவரை கம்யூனிஸ்டு. பேரர் ரங்கராஜன், காங்கிரசிலும் பின்னர் பாரதீய ஜனதாவிலும் இருந்து இரு கட்சிகளின் ஆட்சியிலும் மத்திய அமைச்சரானவர். ஒரே வீட்டிலா இத்தனை பேர் என்று வியப்பார்கள். வியக்கட்டும். வியப்புக்கு அடுத்த வரி எங்கே என்பதுதான் நம் கேள்வி.

பல்லடத்தாருக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். பல்லடம் கோவை நாடாளுமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. 1977-இல் அத்தொகுதி தேர்ந்தெடுத்து அனுப்பிய உறுப்பினர் பார்வதி கிருஷ்ணன். தோட்டத்தில் கூலிக்கு நின்றவனும், தறிக்குழியில் கால் வைத்தவனும், ஆலையில் நூல் முடிந்தவனும் கதிர் அரிவாளுக்கு முத்திரை குத்தி ஜமீன்தார் மகளை டில்லிக்கு அனுப்பினர். ஆகவே அந்த வீட்டின் கதை நமக்கு அயலார் கதை அன்று.

நிலத்திலிருந்து தொடங்குவோம், எழுதுவோர் தொடாத இடம் அதுதான்.

கோவை மாவட்டத்தின் பெரும்பகுதியில் உழவன் சர்க்காருக்கு நேரே வரி கட்டினான். பட்டா அவன் பெயரில் இருந்தது. இரயத்துவாரி என்றார்கள். சேலம் மாவட்டத்துக் கதை வேறு. 1792-இல் திப்புவிடமிருந்து அந்தச் சீமை கும்பெனியார் கைக்கு வந்ததும் ரீடும் மன்றோவும் ஊர் ஊராக நிலத்தை அளந்து உழவனோடு நேரடியாக வரி பேசினார்கள். பத்தாண்டு கழிவதற்குள் மேலிடத்தின் மனம் மாறிற்று. வங்காளத்தில் செய்தது போலவே இங்கும் செய்க என்று கட்டளை வந்தது. ஊர்களைச் சேர்த்துக் கட்டி, மிட்டா என்று பெயரிட்டு, விலைக்கு விட்டனர்! எடுத்தவர் மிட்டாதார். வரி கட்ட மாட்டாமல் பல மிட்டாக்கள் சர்க்காரிடமே திரும்பின; எஞ்சியவை ஜமீன் என்று மதிப்புப் பெற்றன. தெய்வம் தந்த உரிமை, பரம்பரை தந்த பெருமை என்றெல்லாம் பிற்காலத்தில் பேசப்பட்டவற்றில் பலவற்றுக்கு மூலம் கும்பெனியின் விலைச்சீட்டு! அயர்லாந்தில் ஆங்கிலப் படை பறித்த நிலத்தைப் பெற்றவர்கள் மூன்று தலைமுறைக்குள் தம்மைத் தொன்மைக் குடியினர் என்று சொல்லிக்கொண்டது போலத்தான் இதுவும்.

சுப்பராயன் சென்னையில் நியூயிங்டன் பள்ளியில் படித்தார். சிறுவயது ஜமீன்தார்களை வளர்ப்பதற்கென்றே சர்க்கார் பேணிய இடம் அது. (அங்கு ஒழுக்கம் எப்படிப் பயிற்றப்பட்டது என்பதை அறிய விரும்புவோர் 1919-இல் அப்பள்ளியின் ஆங்கிலேயத் தலைவர் சுட்டுக் கொல்லப்பட்டதையும், ஜமீன் மாணவர் மீதே வழக்கு வந்ததையும், தண்டனை எவருக்கும் இல்லாமல் அது முடிந்ததையும் படித்துப் பார்க்கலாம். சுப்பராயன் அதற்கு முன்பே வெளியேறிவிட்டார்.) பிறகு மாநிலக் கல்லூரி, ஆக்ஸ்போர்டில் வாடம் கல்லூரி, டப்ளின் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டமும் உண்டு. பிள்ளைகள் ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்தனர். ஈட்டன் பள்ளியின் கட்டணம் எந்த வயலில் விளைந்தது? யார் அறுத்தது? எத்தனை மூட்டை வாரம் ஓராண்டுப் படிப்பாக மாறிற்று? வரலாறு எழுதுவோர் இதைக் கேட்டால் குடும்பத்துக்கு இழுக்கு என்று எண்ணுகின்றனர். கேட்காமல் விட்டதுதான் வரலாற்றுக்கு இழுக்கு.

இனி, அவ்வீட்டுக்கு உரிய பெருமையை நாம் குறைக்கப் போவதில்லை. 1912-இல் கொங்கு வேளாளக் குடியில் பிறந்த ஜமீன்தார் ஒருவர் மங்களூர்ச் சாரஸ்வதப் பிராமணப் பெண்ணை மணந்தார். 1912 என்பதை மறவாதீர்! சாதி விட்டுச் சாதி மணந்தவனை இன்றும் வெட்டிச் சாய்க்கும் மண் இது. மணமகள் இராதாபாய். அவர் தந்தை குட்முல் ரங்கராவ், தாழ்த்தப்பட்ட மக்களுக்காக 1897-இல் மங்களூரில் ஒரு பணிக்கழகம் கண்டவர், பள்ளி வைத்தவர், அதற்காகச் சொந்தச் சாதியாரால் ஒதுக்கி வைக்கப்பட்டவர். ஜமீன் பரம்பரையைத் தேடித் தேடி எழுதுவோர் இந்தத் தாய்வழிப் பாட்டனாருக்கு ஒரு வரி ஒதுக்கினால் பெரிது. நிலம் அவர் வழியில் வரவில்லை அன்றோ! நெஞ்சம் வந்திருக்கலாம். அதற்கு வமிசாவளியில் இடமில்லை.

இராதாபாய்க்கு நேர்ந்ததும் இதுவே. முதலமைச்சரின் துணைவி, தளபதியின் தாய் என்று எழுதி முடிப்பார்கள். அவரோ 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் இந்தியப் பெண்களின் சார்பில் அமர்ந்த இருவரில் ஒருவர். 1932-இல் வாக்குரிமையை ஆராய்ந்த லோதியன் குழுவின் உறுப்பினர். 1938-இல் டில்லி மேல்சபைக்குள் நுழைந்த முதல் பெண். சட்டமன்றங்களில் பெண்களுக்கென்று சில காலம் தனி இடம் வேண்டும் என்று அவர் கேட்டார். பெண்கள் சங்கங்களே அதனை எதிர்த்தன. வயது வந்த அனைவருக்கும் வாக்கு வேண்டும், தனி இடம் வேண்டாம் என்பது அவர்கள் கட்சி. முடிவில், 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 8 பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. பெண்களுக்கு இடம் ஒதுக்கும் பேச்சு நம் காலத்தில் எழுந்தபோதெல்லாம் இராதாபாயின் பெயர் நினைக்கப்பட்டதா?

நினைத்திருந்தால் அவரைத் திறனாயவும் முடிந்திருக்கும். அதே சட்டம் எந்தப் பெண்ணுக்கு வாக்களித்தது? படித்தவளுக்கு, சொத்துள்ளவளுக்கு, சொத்துள்ளவன் மனைவிக்கு. கணவனின் காணி மனைவியின் வாக்காயிற்று! பல்லடத்தில் களையெடுத்த அருந்ததியப் பெண்ணுக்கு நிலமும் இல்லை, எழுத்தும் இல்லை, நிலமுள்ள கணவனும் இல்லை. அவள் வாக்குச் சாவடியைக் காண 1952 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. படிப்படியாகத்தான் ஏற முடியும் என்று இராதாபாய் எண்ணினார் போலும். முதற்படியில் நின்றவர்கள் யாவரும் நிலமுடையோர் வீட்டுப் பெண்கள் என்பதை அவர் வீட்டு முற்றத்திலிருந்து காண்பது எளிதல்ல.

அயர்லாந்திலும் இத்தகைய வீடு ஒன்று உண்டு. சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல், விக்லோவில் ஆங்கிலவழிப் பெருநிலக் குடும்பத்தில் 1846-இல் பிறந்தவர், தாமே நிலக்கிழார். அவர்தாம் 1879-இல் குத்தகை உழவர்களின் நிலச் சங்கத்துக்குத் தலைவரானார். அவரையும் தோழர்களையும் சிறையில் அடைத்தபோது, 1881-இல் அவர் தங்கை அன்னா மகளிர் நிலச் சங்கத்தைக் கொண்டு போராட்டத்தை நடத்தினார். நிலத்திலிருந்து விரட்டப்பட்டவர்களுக்குக் குடிசை கட்டிக் கொடுத்தார். சிறையிலிருந்து வந்த அண்ணன் சர்க்காரோடு உடன்பாடு கண்டு, தங்கையின் சங்கத்துக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தினார். அன்னா அவரோடு பிறகு பேசவேயில்லை. 1911-இல் கடலில் மூழ்கி இறந்தார். அவர் எழுதி வைத்த கணக்கு அச்சேறியது 1986-இல்! அண்ணன் புகழ் பாடும் நூல்கள் அதற்குள் அடுக்கு அடுக்காக வந்துவிட்டன. பெருநிலக் குடும்பங்களின் வரலாறு எங்கும் ஆண்வழிப் பட்டாவாகவே எழுதப்படுகிறது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டுமா?

சுப்பராயனின் அரசியலுக்கு வருவோம். 1926 தேர்தலில் மிகுதியான இடம் பெற்ற சுயராஜ்யக் கட்சி பதவி ஏற்க மறுத்தது, நீதிக்கட்சி தோற்றிருந்தது, கவர்னர் கோஷன், கட்சி சாராத சுப்பராயனை அழைத்தார். 1928-இல் சைமன் குழு வந்தது. அதைப் புறக்கணிப்பதா வரவேற்பதா என்ற பூசலில் உடனிருந்த அமைச்சர்கள் அரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் விலகினர். சுப்பராயன் விலகவில்லை, நீதிக்கட்சியின் ஆதரவோடு நாற்காலியில் இருந்தார். புதிய அமைச்சராக வந்தவர்களுள் ஒருவர் எஸ். முத்தையா முதலியார்.

இந்த இடத்தில்தான் வரலாறு எழுதுவோர் வழுக்கி விழுகின்றனர். ஒரு சாரார் அவரைப் பதவியை விடாத ஜமீன்தார் என்று ஒரே சொல்லில் தள்ளுவர். மற்றொரு சாரார் வகுப்புரிமை தந்த வள்ளல் என்று ஒரே மூச்சில் புகழ்வர். நடந்தது என்ன? பன்னிரண்டு வேலை காலியானால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் கிறித்தவருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்று பங்கிடும் ஆணை அவரது ஆட்சியில்தான் 1927-28-இல் உயிர் பெற்றது. அதைச் செயலாக்கிய கை முத்தையா முதலியாருடையது. பிள்ளைக்கு முத்தையா என்று பெயரிடுங்கள் என்று பெரியார் சொன்னதும் அதனால்தான். ஆயினும் சுப்பராயன் நாற்காலியை உதறியிருந்தால் முத்தையா முதலியாருக்கு அமைச்சர் பதவி ஏது? பதவிப் பற்று ஒரு நல்லது நடக்க வழிவிட்டது. இதனைச் சொல்லக் கூசுவானேன்? 1929-இல் தேவதாசிகளின் மானிய நிலங்களைக் கோயில் ஊழியத்தினின்று விடுவித்த சட்டத்தை டாக்டர் முத்துலட்சுமி கொண்டு வந்ததும் அந்த ஆட்சிக் காலத்தில்தான். விதைத்தவர் வேறு, வரப்பைக் காத்தவர் வேறு. சுப்பராயன் வரப்பைக் காத்தவர்.

அவரே விதைத்தது ஒன்றுண்டு. 1932-இல் தாழ்த்தப்பட்டோரைக் கோயிலுக்குள் விடும் மசோதாவைச் சென்னைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுவர முனைந்தார். 1933 ஜனவரியில் வைசிராய் வில்லிங்டன் அதற்கு அனுமதி மறுத்தார். கோயில் நுழைவைச் சட்டம் முழுமையாக ஏற்க 1947 ஆயிற்று. அந்த ஆண்டு ஓமந்தூரார் அமைச்சரவையிலும் சுப்பராயன் இருந்தார். கிரிக்கெட்டு வாரியத்துக்கு அவர் தலைவராக இருந்ததை விரித்துரைக்கும் சுவை இந்த மசோதாவை உரைப்பதில் எவருக்கும் இல்லை. நமக்கோ இதில் மேலும் ஒரு கேள்வி உண்டு. கொங்கு நாட்டுத் தோட்டங்களில் விடியலுக்கு முன் கவலை ஓட்டியவன் அருந்ததியப் பண்ணையாள். தோல் பறியைத் தைத்தவனும் அவன். அதில் நீர் இறைத்தவனும் அவன். அந்த நீரைச் சிரட்டையில் வாங்கிக் குடித்தவனும் அவனே! பண்ணையாளின் ஆண்டுக் கூலி, முன்பணம், கடன் பற்றி எந்த ஜமீன்தாரும் எந்தச் சட்டமன்றத்திலும் மசோதா கொண்டுவரவில்லை. கோயிற் கதவைத் திறக்க எழுந்த கை களத்துமேட்டுப் பக்கம் நீளவில்லை. முன்னதற்கு அறம் போதும். பின்னதற்கு மடியிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும்.

மொழிப் பிரச்சினையில் அவர் நடந்துகொண்டது இதனினும் விந்தை. 1937-இல் ஆச்சாரியார் அமைச்சரவையில் கல்வி இலாகா சுப்பராயனிடம் இருந்தது. 1938 ஏப்ரலில் 125 பள்ளிகளில் இந்தி கட்டாயமாயிற்று. பெரியார் சிறை புகுந்தார். 1939 ஜனவரியில் நடராசனும் மார்ச்சில் தாளமுத்துவும் சிறைவாசத்தின் விளைவால் மாண்டனர். திட்டம் ஆச்சாரியாருடையது என்பதில் ஐயமில்லை. ஆனால், கல்வி அமைச்சர் கல்வி அமைச்சரே! அவர் விலகியதாக வரலாறு இல்லை.

பதினேழு ஆண்டு கழிந்தது. 1955-இல் மத்திய அரசு அமைத்த ஆட்சிமொழிக் குழுவில் அதே சுப்பராயன் உறுப்பினர். 1956-இல் குழுவின் அறிக்கை இந்தியை நோக்கி நாட்டைத் தள்ளிற்று. உறுப்பினர்களுள் இருவர் மட்டும் ஒப்பாமல் தனிக் குறிப்பு எழுதினர். ஒருவர் வங்கத்துப் பேரறிஞர் சுனிதி குமார் சட்டர்ஜி. மற்றவர் குமாரமங்கலம் சுப்பராயன். இந்தி பேசாத மக்களின் ஒப்புதலின்றி ஆங்கிலத்தை அகற்றுவது தகாது என்பது அவர் கட்சி. டில்லியில், காங்கிரசுக்காரராக இருந்துகொண்டே, ஆளுவோரின் விருப்பத்துக்கு மாறாக அதை எழுதினார். 1938-ஐ மட்டும் எழுதி 1956-ஐ மறைப்போர் உண்டு. 1956-ஐப் பாடி 1938-ஐ விழுங்குவோரும் உண்டு. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்கும் துணிவுதான் எழுதுபவனுக்கு வேண்டும். மனிதன் மாறினானா, காலம் மாற்றியதா, நடராசனும் தாளமுத்துவும் அந்தத் தனிக்குறிப்பு எழுதிய வேளையில் அவர் நினைவுக்கு வந்தனரா என்று தேடுவதல்லவா வரலாறு! அவர் மகன் மோகன் 1965-இல் மொழிச் சிக்கல் பற்றி ஒரு நூலே எழுதினார். மாநில மொழியே மாநிலத்தின் ஆட்சியிலும் கல்வியிலும் அமர வேண்டும் என்றார். தந்தை ஆங்கிலத்தைக் காத்தார். ஈட்டனில் படித்த மகன் தமிழுக்கு வாதாடினார். இந்தத் தந்தை மகன் வாதத்தை ஒருங்கே வைத்து ஆராய்ந்த நூல் ஒன்று வந்தால் முதல் ஆளாக வாங்கிப் படிப்போம்.

1947-க்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே போர். ஓமந்தூரார் அமைச்சரவையில் உள்துறையும் போலீசும் சுப்பராயன் பொறுப்பு. மகன் மோகனும் மகள் பார்வதியும் கம்யூனிஸ்டுகள். மோகன் கேம்பிரிட்ஜ் மாணவர் மன்றத்தின் தலைவராக 1938-இல் விளங்கி, நாடு திரும்பி, வெள்ளையர் ஆட்சியிலேயே சிறை கண்டவர். தந்தை போலீஸ் மந்திரி, மக்கள் புரட்சிக்காரர் என்ற இந்த முரண்பாடு எழுதுவோர்க்கு இனிக்கிறது. நாடகக் காட்சி போல எழுதி மகிழ்கின்றனர். அதே அமைச்சரவை 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் கொண்டு வந்தது. ஜமீன்தார் அமைச்சராக இருந்து ஜமீனை ஒழித்த காட்சியில் நாடகம் குறைவோ? அது அவர்கள் கண்ணில் படுவதில்லை. 1950 பிப்ரவரி 11-இல் சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அப்போது சுப்பராயன் இந்தோனேசியாவில் தூதர்; அந்தக் குருதியை அவர் கணக்கில் எழுதுவது நேர்மை ஆகாது. செத்தவர்களுள் பெரும்பாலோர் மலபாரிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு வமிசாவளி எழுத எவரும் வரவில்லை.

பார்வதியைப் பற்றி நாம் சற்று நின்று பேச விரும்புகிறோம். 1919-இல் பிறந்தவர், ஆக்ஸ்போர்டில் படித்தவர், கம்யூனிஸ்டுத் தோழர் என். கே. கிருஷ்ணனை 1942-இல் மணந்தவர். அண்ணன் மோகன் கட்சி மாறினார், அவர் மாறவில்லை. ஆலைத் தொழிலாளர், மலைத்தோட்டத் தொழிலாளர் சங்கங்களே அவர் வாழ்வாயின. 1957-இல் கோவையிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். 1973 மே 31-இல் டில்லி அருகே விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியது. அதில் மாண்டவர்களுள் ஒருவர் அண்ணன் மோகன், அப்போது மத்திய எஃகு அமைச்சர், நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியவர். மற்றொருவர் கோவைத் தொகுதியின் கம்யூனிஸ்டு உறுப்பினர் கே. பாலதண்டாயுதம். அதனால் வந்த இடைத்தேர்தலில் 1974-இல் வென்று அந்த இடத்தில் அமர்ந்தவர் பார்வதி. உடன்பிறந்தானையும் தோழனையும் ஒரே நாளில் இழந்த ஒருத்தி, அந்தச் சாவு காலியாக்கிய நாற்காலிக்கு வாக்குக் கேட்டுத் தெருத் தெருவாக நடந்ததை நினைத்துப் பாருங்கள்!

இவரோடு ஒப்பிட அயர்லாந்தில் ஒருவர் உண்டு. கான்ஸ்டன்ஸ் மார்க்கிவிச், ஸ்லைகோ நிலக்கிழார் கோர்-பூத்தின் மகள். 1916 கிளர்ச்சியில் துப்பாக்கி ஏந்தித் தூக்குத் தண்டனை பெற்று, பெண் என்பதால் உயிர் தப்பினார். 1918-இல் சிறையில் இருந்தபடியே தேர்தலில் வென்று, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண்ணானார். அங்கே சென்று அமர மறுத்தார். 1927-இல் டப்ளின் மருத்துவமனை ஒன்றின் ஏழைகளுக்கான பொதுவார்டில் இறந்தார். மாளிகையிலிருந்து பொதுவார்டு வரை நடந்த அந்த நடைக்குத் தலை வணங்குகிறோம். பார்வதியின் நடைக்கும் அவ்வாறே.

வணங்கிய பின்னும் கேள்வி நிற்கிறது. ஆலைகள் நிறைந்த கோவைக்கு, தொழிலாளர் கட்சி நிறுத்திய வேட்பாளர் ஏன் ஜமீன்தார் மகளாக இருக்க நேர்ந்தது? ஆங்கிலம் தெரியும், டில்லி தெரியும், அமைச்சர்களோடு நேர்நின்று பேசும் பழக்கம் பிறப்பிலேயே வாய்த்தது. அவை யாவும் நிலம் தந்தவை. அவற்றைத் தொழிலாளிக்காகச் செலவிட்டது பார்வதியின் பெருமை. தொழிலாளியின் மகளுக்கு அவை கிட்டாமற் போனது நம் சமுதாயத்தின் சிறுமை. ஆலைத் தொழிலாளர் தலைவர் என். ஜி. ராமசாமி 1937-இல் தொழிலாளர் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டமன்றம் சென்றார். 1943-இல் இளமையிலேயே மறைந்தார். அவருக்கு ஈட்டன் இல்லை, ஆக்ஸ்போர்டு இல்லை. குமாரமங்கலத்துக்குக் கிடைத்த பக்கங்களில் பத்தில் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

தளபதியைப் பற்றி எழுதுவோர் பலர். வட ஆப்பிரிக்கப் போரில் சிறைப்பட்டு, தப்பி, மீண்டும் பிடிபட்ட கதையை அவர்களே சுவையாகச் சொல்வர். பேரர் ரங்கராஜன் 1952-இல் பிறந்து 2000-இல் மறைந்தார். கம்யூனிஸ்டு, காங்கிரசு, பாரதீய ஜனதா என மூன்று கொடிகள் ஒரே மாடத்தில் பறந்ததைப் பரந்த உள்ளத்தின் அடையாளம் என்று எழுதியோர் உண்டு. எந்தக் கொடி பறந்தாலும் அமைச்சர் இருக்கைக்கு அந்த வீட்டிலிருந்து ஒருவர் வந்துகொண்டேயிருந்தார் என்று நாம் படிக்கிறோம். 1948 சட்டம் நிலத்தை எடுத்தது. நிலம் ஏற்கெனவே படிப்பாகவும் பழக்கமாகவும் மாறிவிட்டிருந்தது. அதனை எடுக்கும் சட்டம் எது?

இவ்வீட்டின் மெய்யான வரலாற்றை எழுத விரும்பும் இளைஞர் எவரேனும் இருப்பின், படத்தொகுப்பைக் கேட்டுப் போக வேண்டாம். மிட்டாக் கணக்கும் வாரக் கணக்கும் எஞ்சியிருந்தால் அவற்றைத் தேடட்டும். சேலம் மாவட்டத்து வரித் தீர்வை ஏடுகளைப் புரட்டட்டும். கோவையின் ஆலைச் சங்கங்களில் பார்வதியோடு நடந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கக்கூடும், அவர்களைக் கேட்கட்டும். 2014 பிப்ரவரி 20-இல், 94 வயதில், பார்வதி கிருஷ்ணன் கோவையிலேயே காலமானார். அறுபது ஆண்டுக்கு மேல் தொழிலாளரோடு நின்றவர். அஞ்சலி எழுதிய ஏடுகள் தந்தையார் முதலமைச்சர் என்பதையும் தமையனார் தளபதி என்பதையும் எழுதத் தவறவில்லை.